செவ்வாய்க்கிழமை விலை

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் சந்தில் வெஜ் நூடுல்ஸ் ஒரு பிளேட் எழுபது ரூபாய். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் மட்டும் நாற்பது. இது ஆஃபரும் இல்லை, வேண்டுதலும் இல்லை. ஒரே ஒரு மனிதருக்காக அக்கம்பக்கத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆறு வருஷம் சொன்ன பொய். அந்தப் பொய்க்குப் பலகை செய்து கொடுத்தவன் நான். அதனால் அதைச் சொல்லவேண்டியவனும் நானாகத்தான் இருக்க வேண்டும்.

என் பெயர் பாலகுமார். சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் பிரிண்ட், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பிராஜெக்ட் என்று எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கடைக்கு நேர் எதிரே, டிரான்ஸ்பார்மரை ஒட்டி, சாந்தகுமாரி அக்காவின் நூடுல்ஸ் வண்டி. அதைப் போட்டது அவருடைய வீட்டுக்காரர் ஓஸ்வால்ட். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சைனீஸ் ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய், வாணலி பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து, தொண்ணூற்றொன்பதில் வண்டி போட்டார். அன்றைக்குப் பிளேட் பத்து ரூபாய். நான் வாணியம்பாடியிலிருந்து இங்கே கடை போட வந்தபோது இருபத்தைந்து. ஓஸ்வால்ட் அண்ணன் மாரடைப்பில் இறந்த வருஷம் நாற்பது. எங்கள் சந்தில் எந்தக் காரியம் எப்போது நடந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ள நூடுல்ஸ் விலையே போதும்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. காலை பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் பெரிய அலுமினிய அண்டாவை ஏற்றி நூடுல்ஸை வேகவைப்பார். முக்கால் வேக்காட்டில் இறக்கி வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, எண்ணெய் தடவித் தட்டுகளில் பரப்பி வைப்பார். பிறகு கோஸ். பலகையின்மேல் கத்தி ஓடுகிற சத்தம் என் கடைவரை கேட்கும். கோஸ், கேரட், குடைமிளகாய், வெங்காயத் தாள் எல்லாம் ஒரே அகலத்தில் விழ வேண்டும், இல்லையென்றால் ஒன்று கருகி ஒன்று பச்சையாக நிற்கும் என்பார். மூன்றரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தால், அந்த அடுப்பின் இரைச்சலில் சந்தில் வேறு பேச்சு எடுபடாது. ஒன்பது மணிக்கு அணைப்பார். அதற்கப்புறம் அவரோடு பேச ஆள் கிடையாது.

"அதே நூடுல்ஸு, அதே சோயா சாஸு. இந்திரா நகர் நூறடி ரோட்ல இருநூத்தி எம்பது. நம்மகிட்ட எழுவது. போன்ல ஆர்டர் போட்டா நூத்தி நாப்பத்தொம்போது. பீன்யால கம்பெனி கேட்டாண்ட அம்பது. ஏன் சொல்லு பாலு?" என்று ஒருநாள் கேட்டார்.

"நீயே சொல்லுக்கா."

"நூடுல்ஸுக்கு இல்லப்பா அந்த ரேட்டு. உக்கார்ற சேருக்கு."

அவரிடம் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதை அவர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வெளியே எடுப்பார். அது ரேட்டு சாருக்கு.

வெங்கடசுப்ரமணியன் என்ற முழுப்பெயர், அவருடைய பென்ஷன் காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்த எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவர் ரேட்டு சார். அல்சூரில் சொந்த வீடு. தாத்தா காலத்திலேயே மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கென்று வந்து கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசப் பழகிவிட்ட குடும்பம். இவரும் சர்க்கார் உத்தியோகம்தான். முப்பத்திரண்டு வருஷம் விலை எடுத்தார். அப்படியும் ஒரு வேலையா என்று நான் முதலில் சிரித்திருக்கிறேன். விலைவாசி இத்தனை சதவீதம் ஏறியது என்று மாதாமாதம் பேப்பரில் போடுகிறார்களே, அதற்காக யாரோ ஒருவர் குடையும் நோட்டுமாகக் கடை கடையாகப் போய், துவரம்பருப்பு என்ன விலை, லுங்கி என்ன விலை, முடி வெட்ட என்ன கூலி என்று கேட்க வேண்டியிருக்கிறது. அதே கடை, அதே சாமான், அதே அளவு, அதே கிழமை. இந்த நாலில் ஒன்று தப்பினாலும் அந்த விலை செல்லாது என்பார்.

நூடுல்ஸையும் ஒரு சாமானாகச் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று மேலே யாருக்கோ தோன்றிய காலத்தில் அவர் முதல்முதலாக இந்த வண்டிக்கு வந்திருக்கிறார். சட்டைப் பையில் பேனா, கையில் நோட்டு. வண்டியைத் தூக்க வந்த கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்துக்கொண்ட ஓஸ்வால்ட் அண்ணன், பயந்துபோய் ஒரு பிளேட்டை நீட்டி, காசு வேண்டாம் சார் என்றாராம். "காசு வாங்கலேன்னா நான் எதைய்யா எழுதறது? கொடுத்த விலையைத்தான் எழுத முடியும்" என்று சார் கோபித்துக்கொண்டாராம். இதை அக்கா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். சொல்லும்போதெல்லாம் சிரிப்பார்.

விலைப் பலகையைப் பார்த்து சார் எழுத மாட்டார். கேட்டு, கொடுத்து, பிறகுதான் எழுதுவார். வந்ததும் "இவத்து எஷ்டு?" என்பார். இன்றைக்கு எவ்வளவு என்று கன்னடத்தில் கேட்பது அவருடைய முப்பது வருஷப் பழக்கம். பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங் தராசை எடுத்துப் பிளேட்டை நிறுத்துப் பார்ப்பார். முந்நூறு கிராம் இருக்க வேண்டும். "பாக்கெட் நூடுல்ஸ்காரன் விலையை ஏத்த மாட்டான் பாலு. உள்ளே எடையைக் குறைச்சுண்டே போவான். அதுவும் ஏத்தம்தான். அதைத் தராசுதான் சொல்லும்" என்பார். பிறகு நோட்டில் தேதி, எடை, விலை. போன வாரம் மாதிரியே இருந்தால் பக்கத்தில் 'மாற்றம் இல்லை' என்று எழுதுவார். ஒரேயடியாக ஏறியிருந்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதாத ஏற்றத்தை ஆபீசில் ஏற்க மாட்டார்களாம்.

அந்த ஆபீசிலிருந்து அவர் ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவர் எழுதுவதைக் கேட்டு வாங்க ஒருவரும் இல்லை. ஆனாலும் எழுதினார். முதலில் நாற்பது சாமான் எடுத்தார். முழங்கால் தேயத் தேயச் சாமான்களும் குறைந்தன. கடைசியில் கோஸ், எண்ணெய், கட்டு நூடுல்ஸ் இந்த மூன்றுக்கும் வழியில் உள்ள கடைகளில் விலை கேட்டுக்கொண்டு, நாலு மணிக்கு வண்டிக்கு வந்து சேர்வார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆகஸ்டு மாதம், அவருடைய மனைவி ரமா மாமி இறந்துபோனார். சிமெண்டு நிறத்தில் வானம் கவிந்து நாள் முழுக்கத் தூறிக்கொண்டிருந்த வாரம் அது. காரியமெல்லாம் முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை சார் குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு முந்தின நாள்தான் அக்கா நாற்பதை ஐம்பதாக்கியிருந்தார். எண்ணெய் விலை அப்படி.

"இவத்து எஷ்டு?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். ஷேவ் செய்யாத முகம். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. அதைச் சரி செய்யச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

"நாப்பதுதான் சார்."

சார் நாற்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். எழுதினார். பேனாவை மூடிவிட்டு, "நல்லவேளைம்மா. இது ஒண்ணாவது மாறாம இருக்கே" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அக்காவால் விலையைச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரமும் நாற்பது. அதற்கடுத்த வாரமும் நாற்பது. பக்கத்தில் நின்று சாப்பிடுகிற யாராவது ஐம்பதை நீட்டி, விஷயம் உடைந்துவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். என்னிடம் வந்து யோசனை கேட்டார். நான் பெரிய புத்திசாலி மாதிரி, ஒரு பக்கம் நாற்பதும் மறு பக்கம் ஐம்பதும் அச்சடித்து, லேமினேட் செய்து, துளை போட்டு, கயிறு கட்டிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் திருப்பினால் நாற்பது, சார் போனதும் திருப்பினால் ஐம்பது. அப்புறம் அறுபதுக்கு ஒன்று, எழுபதுக்கு ஒன்று என்று இரண்டு முறை புதிதாகச் செய்தேன். நாற்பது பக்கம் மட்டும் மாறவே இல்லை. விஷயம் தெரிந்த தெரு ஜனங்கள் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குச் சரியாகப் பசி எடுத்து வந்து நின்றார்கள். நானும்தான். வீட்டுக்கும் ஒரு பார்சல் கட்டிக்கொள்வேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தராசில் நிறுத்துவிட்டு சார் சொல்வார்: "ஊரெல்லாம் அளவைக் குறைச்சு ஏமாத்தறான். நீ ஒருத்திதான் சாந்தா நேர்மையா இருக்கே." அந்த நேரத்தில் அக்கா வாணலியை விட்டுத் தலை நிமிர மாட்டார்.

போன ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை, சாரின் மகள் அம்ருதா என் கடைக்கு வந்தார். புனேயில் வேலை, அங்கேயே குடும்பம். கையில் ஒரு ஃபைல். எல்லாவற்றிலும் இரண்டு காப்பி வேண்டும் என்றார். சாரின் ஆதார், பென்ஷன் புத்தகம், ரத்தப் பரிசோதனை, கோயம்புத்தூரில் முதியவர்கள் தங்கும் ஓர் இடத்துக்கான விண்ணப்பம். கடைசியில் ஒரு டாக்டரின் கடிதம்.

"சார் எங்கயாவது போறாரா மேடம்?" என்றேன்.

"அப்பாக்கு ஞாபகம் தப்பிண்டு வரது. போன மாசம் பாலை அடுப்புல வெச்சுட்டுத் தூங்கிட்டார். பக்கத்து வீட்டுக்காரா போன் பண்ணினா. அதான் டாக்டர்கிட்ட கூட்டிண்டு போனேன். கிழமை, மாசம் எல்லாம் சரியா சொல்லிட்டார். அப்பா விலை எடுத்தவர்னு சொன்னதும் டாக்டர் விலையெல்லாம் கேட்டார். பால், வெங்காயம், எல்லாம் ரூபாய் பிசகாம சொன்னார். வெளில என்ன சாப்பிடுவேள்னு கேட்டா நூடுல்ஸ், நாப்பது ரூபாங்கறார். நான் போன்ல எடுத்துக் காட்டறேன், நூத்தி நாப்பத்தொம்பதுன்னு. அப்பா ஒத்துக்கவே இல்லை. கத்தறார். செவ்வாய்க்கிழமைகூட நான் நாப்பதுதான் கொடுத்தேன், ஆறு வருஷமா நாப்பதுதான்னு."

என் கை ஜெராக்ஸ் மெஷினின் மூடிமேலேயே நின்றுவிட்டது.

"அம்மா போனப்போ இருந்த விலையிலயே அப்பா நின்னுட்டார்னு டாக்டர் சொன்னார். சில பேருக்கு அப்படித்தான் ஆரம்பிக்குமாம். தனியா விட வேண்டாம்னுட்டார். புனேக்கு வான்னா வர மாட்டேங்கறார். எனக்கு மட்டும் அவரை அங்க கொண்டு விடணும்னு ஆசையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை கிளம்பறோம். எவ்வளவு ஆச்சு?"

நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பயம்தான். இருபத்திரண்டு பக்கத்துக்குக் காசு வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் சந்தைக் கடந்து அக்காவிடம் ஓடினேன்.

அக்கா கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கத்தி மெதுவாகி நின்றது.

"நம்மளால அவருக்குப் பைத்தியக்காரப் பட்டமா பாலு?"

"பைத்தியம்னு சொல்லலக்கா. மறதின்னு."

"ரெண்டும் ஒண்ணுதான் அவருக்கு. மனுசன் ஒரு ரூபா தப்பா சொன்னா ராத்திரி தூங்க மாட்டாரு." கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினார். "நான் போயி அந்தப் பொண்ணாண்ட சொல்லிடறேன். இன்னிக்கே சொல்றேன்."

எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

"சொன்னா அவருக்குத் தெரிஞ்சிடுமே."

"தெரிஞ்சாத்தான் என்னக்கா? வீட்ல இருப்பாரே."

"உனக்கு இன்னா தெரியும்? அவுரு பொஞ்சாதி போனப்புறம் நம்பின ஒரே விஷயம் இந்த நாப்பது ரூபா. அதுவும் பொய்யின்னா எப்டி வீட்டுக்குத் திரும்பி நடந்து போவாரு? சொல்லலேன்னா கோயம்புத்தூருக்கு இட்டுனு போயிடுவாங்க. சொன்னா மனசு ஒடஞ்சிடும். நானு சும்னே, சும்மா ஒரு நாள் பாவம்னு சொன்னது பாலு. ஒரே ஒரு நாளு."

கத்தியைப் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டே, "அவரு போயிட்டா எனக்கு மட்டும் செவ்வாக்கெழமன்னு ஒண்ணு எதுக்கு இருக்கும்?" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, கோஸிடம் சொன்னாரா தெரியவில்லை.

ஞாயிறும் திங்களும் அப்படியே போயின. செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு வண்டி வந்தது. அடுப்பு பற்றியது. சிவப்பு நாற்காலி வெளியே வந்தது. அதைத் துணியால் இரண்டு முறை துடைத்தார். நாலு மணி ஆனபோது பலகையைப் பார்த்தேன். எழுபது. அக்கா திருப்பவில்லை. நாற்பதுக்காக வந்த தெரு ஜனங்கள், "ஏனக்கா, மறந்துட்டியா?" என்று பலகையைக் காட்டினார்கள். "இன்னிக்கு இல்ல, போங்க" என்று எரிந்து விழுந்தார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

சார் குடையோடு வந்தார். பக்கத்தில் அம்ருதா, கைப்பிடித்தபடி. இதுதான் தன் கடைசிச் செவ்வாய்க்கிழமை என்று சாருக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டிருந்தார். கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியருகே போய் நின்றேன்.

"அம்ருதா, நீ கேக்கறியே, இவதான் சாந்தா. இப்போ நீயே காதால கேட்டுக்கோ" என்றார். மகளுக்கு நிரூபிக்கத்தான் கூட்டிவந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட உரக்கக் கேட்டார். "சாந்தா, இவத்து எஷ்டு?"

அக்கா அடுப்பைக் குறைத்தார். இரைச்சல் அடங்கியது.

"எழுவது சார்."

சார் பேனாவைத் திறந்தபடியே நிமிர்ந்தார். "எழுபதா? போன வாரம் நாப்பது."

"ஆமா சார்."

"ஒரே வாரத்துல முப்பது ரூபா ஏத்தமா? அதெப்படி? காரணம் எழுதணுமே. காரணம் என்ன?"

காரணம் எழுத வேண்டும் என்ற அந்த விதி ஒன்று இல்லாதிருந்தால் அக்கா அந்த எழுபதோடு நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். சார் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் கடைக்காரர்கள் முன்னால் காத்திருந்தது போலவே.

"ஏறல சார். ஏறி ரொம்ப நாளாச்சு. அம்மா தவறின மாசமே அம்பது ஆக்கிட்டேன் சார். அப்புறம் அறுவது. போன வருசம் எழுவது. உங்களுக்கு மட்டும் நாப்பதுன்னேன்." அக்காவின் குரல் உடைந்தது. "அன்னிக்கு நீங்க, இது ஒண்ணாவது மாறாம இருக்கேன்னீங்க. எனக்கு வாய் வரல சார். அதுக்கப்புறம் வரவே இல்ல."

"போர்டு நான்தான் சார் செஞ்சு குடுத்தேன்" என்றேன். என் காதுக்கே அது கோழைத்தனமாகக் கேட்டது.

அம்ருதா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவர் சாரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அப்பா, அப்போ நீ சொன்னது சரி! நீ கொடுத்ததைத்தான் சொல்லியிருக்கே! நான்தான் தப்பு. டாக்டருக்கு இப்பவே போன் பண்றேன். கோயம்புத்தூர் வேண்டாம்ப்பா. வீட்டுக்கு ஒரு ஆள் போட்டுக்கலாம். நீ இங்கயே இரு" என்று அழுதார்.

அக்கா முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

சார் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து நிறுத்திப் படித்தார்.

"கோஸ் இருபது. அப்புறம் முப்பத்தஞ்சு, நாப்பது. எண்ணெய் தொண்ணூறு. அப்புறம் நூத்தம்பது. கட்டு நூடுல்ஸ் அம்பத்தஞ்சு, அப்புறம் தொண்ணூத்தஞ்சு." நிமிர்ந்தார். "எல்லாம் என் கையாலதான் எழுதியிருக்கேன். இதோ, இதுக்கு அடுத்த வரியிலயே, நூடுல்ஸ் நாப்பது, மாற்றம் இல்லை. பக்கத்துப் பக்கத்துல. ஒரு தடவை கூட்டிப் பார்த்திருந்தா போதும், நாப்பதுக்கு முடியவே முடியாதுன்னு தெரிஞ்சிருக்கும். ஸ்கூல் பிள்ளைக்குத் தெரியும்."

"நாங்க ஏமாத்தினது சார். உங்க தப்பு இல்ல" என்றேன்.

"கடைக்காரன் ஏமாத்துவான் பாலு. அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தா. சர்வீஸ்ல ஒருத்தன் என்னை ரெண்டு வாரத்துக்கு மேல ஏமாத்தினதில்லை. இப்போ ஆறு வருஷம்." மகளைப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்கார் அம்ருதா. காரணம் வேற, அவ்வளவுதான். வியாழக்கிழமை கிளம்பலாம்."

"அப்பா!"

"பாலை அடுப்புல வெச்சுட்டுத் தூங்கினேன். அது ஒரு நாள்னு நினைச்சேன். இது முந்நூறு செவ்வாய்க்கிழமை."

அக்கா வண்டியைச் சுற்றி ஓடிவந்து அவர் காலருகே நின்றார். "சார், என்னைத் திட்டுங்க சார். அடிங்க. போறேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"உன்னை ஏன் திட்டணும்? நீ நல்லதுதான் நினைச்சே." கொஞ்சம் யோசித்தார். "ஆனா எனக்கு நீ விலையைச் சொல்லியிருக்கலாம் சாந்தா. தாங்கியிருப்பேன்."

பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். தப்பான பதிவை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் ஆபீஸ் வழக்கமாம். போன வாரத்து வரியில் கோடு போட்டார். கையெழுத்துப் போட்டார். அதற்கு முந்தின வாரம். கோடு, கையெழுத்து. ரமா மாமி இறந்த மாதம்வரை பின்னால் போக வேண்டும். நாலு பக்கம் ஆனதும் கோடு கோணலாகப் போனது. அம்ருதா நோட்டை மெதுவாக வாங்கி மூடினார். தூறல் பிடித்தது. சார் எழுபது ரூபாயை எண்ணி அக்கா கையில் வைத்தார். அக்கா வாங்க மாட்டேன் என்றார். "வாங்கிக்கோ. கொடுத்தாத்தான் எழுத முடியும்" என்றார். பிளேட்டை அவர் தொடவில்லை.

வியாழக்கிழமை காலையில் கிளம்பிவிட்டார்கள். அல்சூர் வீட்டில் பூட்டு தொங்குகிறது என்று பால்காரர் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அக்கா நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டார். பழக்கம். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே எடுத்து வைக்கவும் இல்லை, யாரையும் உட்காரச் சொல்லவும் இல்லை. நாற்பது முடிந்துவிட்டது என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டதால் ஒருவரும் வரவில்லை. அடுப்பு சும்மா இரைந்துகொண்டிருந்தது. நாலு பத்துக்கு அக்காவின் போன் அடித்தது. நம்பரைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"இவத்து எஷ்டு?"

"எழுவது சார். எப்டி இருக்கீங்க சார்? சாப்பாடு எல்லாம் எப்டி?"

"இருக்கேன். எழுபதா? நிஜமா?"

"சத்தியமா சார்."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ இருமினார்கள்.

"பக்கத்துல யாராவது சாப்பிடறாளா?"

"பாலு இருக்கான் சார்."

"அவன்கிட்ட கொடு."

போனை வாங்கினேன். "சார், நான் பாலு."

"பாலு, இன்னிக்கு நீ எவ்வளவு கொடுத்தே?"

நான் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை. எழுபது சார் என்று சொல்லிவிடலாம். விலை என்னவோ அதுதான். ஆனால் வாய் வரவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து எழுபது ரூபாயை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

"எழுபது கொடுத்தேன் சார்."

"சரி" என்றார் சார். காகிதத்தில் பேனா ஓடுகிற நேரம் அளவுக்கு ஓர் இடைவெளி. "மாற்றம் இல்லை."

போன் அணைந்தது. அக்கா முந்நூறு கிராமுக்குக் குறையாமல் ஒரு பிளேட் போட்டுக் கொடுத்தார். பசியில்லாமல் நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன். நாற்காலியில் உட்காரவில்லை.

நாலு மாதமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நாலு பத்துக்கு அந்தப் போன் வருகிறது. நாலு மணிக்கே நான் கடையிலிருந்து இறங்கிப் போய் எழுபது ரூபாய் கொடுத்துவிடுகிறேன்.